பதினெட்டுக்கு முன்பே பட்டியலில்: இளையோர் வாக்காளர் முன்பதிவு குறித்த ஓர் ஆய்வு

வாக்களிக்கும் வயதை எட்டாத 16, 17 வயதினரின் விவரங்களை முன்கூட்டியே பெற்று, சரிபார்த்து, நிலுவையில் வைத்திருந்து, அவர்களுக்கு 18 வயது நிறையும்போது மறுபடியும் விண்ணப்பம் கேட்காமல் வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிடும் ஏற்பாட்டை வாக்காளர் முன்பதிவு என்பர். வாக்குரிமை வயதைக் குறைப்பதும் இதுவும் ஒன்றல்ல. 16 வயதினருக்கே வாக்குரிமை தந்துள்ள ஆஸ்திரியாவிலும் பிரேசிலிலும் எழுந்த விவாதம் அந்த வயதினருக்கு அரசியல் முதிர்ச்சி உண்டா என்பதைப் பற்றியது. முன்பதிவிலோ அந்தக் கேள்விக்கே இடமில்லை, ஏனெனில் இங்கே 18 வயதுக்கு முன் எவரும் வாக்களிப்பதில்லை, அதற்கான தாள்வேலை மட்டுமே முன்னதாக முடிக்கப்படுகிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு முன்பதிவை எதிர்ப்பவர்களும் உண்டு, அதே குழப்பத்தோடு அதை வரவேற்பவர்களும் உண்டு.

எல்லா நாடுகளிலும் இப்படியொரு ஏற்பாடு தேவைப்படுவதில்லை. ஜெர்மனியிலும் சுவீடனிலும் குடிமக்கள் பதிவேட்டை அரசே பராமரித்து, அதிலிருந்தே வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பதால், 18 வயது நிறைந்தவரின் பெயர் அவர் கேளாமலே பட்டியலில் ஏறிவிடுகிறது. பட்டியலில் சேரும் பொறுப்பைக் குடிமகனின் தலையில் சுமத்தும் நாடுகளில்தான் முன்பதிவுக்குப் பொருள் உண்டு. அவற்றுள் இச்சிக்கல் மிகக் கூர்மையாகத் தெரிவது அமெரிக்காவில். அங்கே வாக்காளர் பதிவு மாநிலங்களின் கையில் இருக்கிறது. பதிவே தேவையில்லாத வடக்கு டகோட்டாவை விட்டுவிட்டால், மற்ற மாநிலங்கள் பலவற்றில் ஒருவர் தாமாக முன்வந்து படிவம் நிரப்பியாக வேண்டும். பல மாநிலங்களில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவுக் கெடு முடிந்துவிடுகிறது.

வியட்நாம் போருக்கு 18 வயதில் ஆள் எடுத்துவிட்டு வாக்குரிமைக்கு மட்டும் 21 வயதுவரை காத்திருக்கச் சொல்வது நியாயமா என்ற கேள்வி வலுத்ததன் விளைவாக, 1971-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 26-ஆம் திருத்தம் வாக்குரிமை வயதை 18 ஆக்கியது. உரிமை கிடைத்த வேகத்தில் வாக்குப்பதிவு உயரவில்லை. பள்ளியை முடித்து, வீட்டை விட்டு வெளியேறி, கல்லூரிக்கோ வேலைக்கோ வேற்றூருக்குக் குடிபெயரும் வயதாகவே 18 இருப்பதால், பதிவு அலுவலகம் எங்கே, கெடு எப்போது, எந்த முகவரியைத் தருவது என்ற சிறு கேள்விகள்கூட அந்த ஆண்டில் பெரிய தடைகளாகிவிடுகின்றன. அதிபர் தேர்தல் இல்லாத இடைப்பட்ட ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசம்: 2014-இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 18 முதல் 29 வயதுவரை உள்ள குடிமக்களில் 20 விழுக்காட்டினரே வாக்களித்ததாக அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் மாதிரி ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் 2018-க்கான அளவு 36 விழுக்காடாக உயர்ந்தது என்றாலும், மூவரில் இருவர் வாக்குச்சாவடிப் பக்கம் போகவில்லை என்பதே அதன் மறுபக்கம்.

முன்பதிவு என்னும் தீர்வு 16 வயதைத் தேடிப் போனதற்குக் காரணம் ஓட்டுநர் உரிமம். 1993-இல் இயற்றப்பட்ட தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், ஓட்டுநர் உரிமம் கோரி வருபவருக்கு அதே அலுவலகத்தில் வாக்காளராகப் பதிந்துகொள்ளும் வாய்ப்பையும் தரவேண்டும் என்று மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. கார் இல்லாமல் அன்றாட வாழ்க்கை நடத்த முடியாத நாட்டில் இது கூர்மையான யோசனைதான். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் இளைஞர்கள் முதல் உரிமத்துக்காக வரிசையில் நிற்பது 16 வயதில்; அவ்வேளையில் எதிரே இருக்கும் எழுத்தர் அவர்களுடைய பெயர், பிறந்த தேதி, முகவரி, கையொப்பம், புகைப்படம் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, வாக்காளர் பதிவுக்கு மட்டும் வயது போதாது என்று அனுப்பிவிடுகிறார். உரிமத்தைப் புதுப்பிக்க அவர்கள் மறுபடியும் வருவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அரசு நடத்தும் அலுவலகங்களுள் பதின்வயதினர் தாமாகவே விரும்பி வந்து நிற்கும் ஒரே இடம் இதுதான். அந்த இடத்தில் அவர்களைச் சட்டம் இரண்டு ஆண்டு வித்தியாசத்தில் தவறவிட்டது. முன்பதிவு அடைத்தது இந்த இடைவெளியைத்தான்.

ஹவாய் மாநிலம் 1993-இலேயே 16 வயதினருக்கு முன்பதிவை அனுமதித்தது. முதலில் 17 வயதினரை மட்டும் ஏற்றுவந்த ஃப்ளோரிடா பின்னர் 16 வயதினருக்கும் கதவைத் திறந்தது. வட கரோலினா 2009-இல் சட்டம் இயற்றியது. கலிஃபோர்னியாவில் 2014-இலேயே சட்டம் நிறைவேறிவிட்டபோதிலும், மாநிலம் முழுவதற்குமான கணினிப் பட்டியல் தயாராகும்வரை காத்திருந்து 2016-இல்தான் 16 வயதினரின் பதிவைத் தொடங்க முடிந்தது. நியூயார்க் சட்டம் 2019-இல் கையெழுத்தாகி மறு ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. இன்று பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் 16 வயதில் முன்பதிவு செய்யலாம். வேறு சில மாநிலங்கள் 17-ஐ எல்லையாக வைத்துள்ளன. டெக்சாஸ் 17 ஆண்டு 10 மாதம் என்ற விசித்திரமான கணக்கோடு நிற்கிறது. அம்மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பதிவுப் படிவம் வழங்கவேண்டும் என்ற சட்டமும் பல ஆண்டுகளாக உண்டு. பல பள்ளிகள் படிவம் கேட்டு வாங்குவதே இல்லை என்பதும் அங்கே தெரிந்த செய்தியே.

இச்சட்டங்களுள் வட கரோலினாவின் வரலாறு விரிவாகப் பார்க்கத் தக்கது. 2009-இல் இரு கட்சி உறுப்பினர்களின் ஆதரவோடும் நிறைவேறிய அச்சட்டத்தின்படி ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான 16, 17 வயதினர் முன்பதிவு செய்துகொண்டனர். 2013 ஜூனில் ஷெல்பி மாவட்ட வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனப்பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் நடுவண் அரசின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் செயலற்றதாக்கியது. அதைத் தொடர்ந்து சில வாரங்களில், குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட வட கரோலினா சட்டமன்றம், புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்குதல், முன்கூட்டி வாக்களிக்கும் நாள்களைக் குறைத்தல், வாக்களிக்கும் நாளிலேயே பதிவு செய்யும் வசதியை நீக்குதல் ஆகியவற்றோடு முன்பதிவையும் ஒழிக்கும் ஒரே சட்டத்தை நிறைவேற்றியது. மசோதாவில் கையெழுத்திடத் தயாராக இருந்த ஆளுநர் பாட் மெக்ரோரியிடம் செய்தியாளர் ஒருவர் முன்பதிவு நீக்கத்தைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் பகுதியைத் தாம் பார்க்கவில்லை என்று அவர் விடையளித்தார்.

முன்பதிவை நீக்கச் சொல்லப்பட்ட காரணம், எப்போது வாக்களிக்கலாம் என்பதில் இளையோர் குழம்பிப்போகிறார்கள் என்பது. வழக்கு நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தை எட்டியபோது, 2016 ஜூலை 29 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு இக்காரணத்தை ஏற்கவில்லை. தீர்வு ஒன்றைத் திணிப்பதற்காகச் சட்டமன்றம் சிக்கல் ஒன்றைக் கற்பித்துக்கொண்டது என்பதே நீதிபதிகளின் கருத்து. முன்பதிவை நீக்கியதால் பதிவுமுறை முன்னைவிடச் சிக்கலாகிவிட்டது என்பதையும், முன்பதிவைக் கறுப்பின இளையோர் தம் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகப் பயன்படுத்திவந்தனர் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். சட்டத்தின் ஐந்து பிரிவுகள் இனப்பாகுபாட்டு நோக்கம் கொண்டவை என்று கூறி நீக்கப்பட்டன. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்ததால் முன்பதிவு மீண்டும் நிலைபெற்றது. எவருக்கும் வாக்குரிமையைப் புதிதாகத் தராத, எவரிடமிருந்தும் பறிக்காத ஓர் அலுவலக நடைமுறைக்காக இவ்வளவு பெரிய போர் நடந்திருக்கிறது என்றால், அந்த நடைமுறையின் விளைவை அரசியல்வாதிகள் ஆய்வாளர்களுக்கு முன்பே கணித்துவிட்டார்கள் என்றுதான் கொள்ளவேண்டும்.

ஆய்வாளர்களின் கணக்கு சற்றுத் தாமதமாகவே வந்தது. ஃப்ளோரிடாவில் முன்பதிவு செய்தவர்கள், 18 வயதுக்குப் பின் பதிவு செய்த அதே வயதினரைவிட 2008 தேர்தலில் ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள் அதிகமாக வாக்களித்தனர் என்று மைக்கேல் மெக்டொனால்டின் தொடக்ககால ஆய்வு கூறியது. இதற்கு எளிய மறுப்பு உண்டு: 16 வயதிலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளும் பிள்ளை அரசியலில் முன்பே ஆர்வம் கொண்டதாக இருக்கும், அது எப்படியும் வாக்களிக்கப் போகிறது, ஆகவே இங்கே அளக்கப்படுவது ஆர்வமே அன்றி முன்பதிவு அன்று. ஜான் ஹோல்பைன், சன்ஷைன் ஹிலிகஸ் ஆகிய இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இந்த மறுப்பை எதிர்கொள்ளும் வகையில் அமைந்தது. 2008 தேர்தல் நாளுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் 18 வயது நிறைந்த ஃப்ளோரிடா இளைஞர்களை அவர்கள் ஒப்பிட்டனர். சில நாள் இடைவெளியில் பிறந்த இவ்விரு கூட்டத்தாரிடையே குடும்பம், வருவாய், ஆர்வம் ஆகியவற்றில் பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. முன்பதிவு செய்யும் வாய்ப்பிலோ வேறுபாடு உண்டு. இவ்வாறு ஓர் எல்லைக்கோட்டின் இருபுறமும் அடுத்தடுத்து நிற்பவர்களை ஒப்பிட்டு ஒரு சட்டத்தின் விளைவைப் பிரித்தெடுப்பது, புள்ளியியலில் எல்லைப்பிளவு முறை என்று சொல்லத்தக்க ஒரு நம்பகமான உத்தி. பல மாநிலத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது முன்பதிவு இளையோர் வாக்களிப்பை உயர்த்துகிறது என்பது உறுதிப்பட்டது. உயர்வின் அளவோ கணக்கிடும் முறையைப் பொறுத்து 2 முதல் 13 சதவீதப் புள்ளிகள் வரை மாறியது. அகன்ற இடைவெளிதான், ஆனால் கீழ் எல்லையும் சுழியத்துக்கு மேலேயே நிற்கிறது.

இதே இருவரும் 2020-இல் எழுதிய நூல் இன்னும் முக்கியமான ஒரு கருத்தை முன்வைக்கிறது. இளைஞர்கள் வாக்களிக்காமல் போவதற்கு ஆர்வமின்மையே காரணம் என்பது நெடுநாளைய நம்பிக்கை. ஆனால் வாக்களிக்கும் எண்ணம் பெரும்பாலோரிடம் இருக்கிறது என்றும், எண்ணியதை இடையூறுகளுக்கிடையே செய்துமுடிக்கும் பழக்கமே பலருக்கு இன்னும் கைவரவில்லை என்றும் அந்நூல் வாதிடுகிறது. இக்கருத்து சரியென்றால், குடிமைக் கடமை பற்றிய சொற்பொழிவுகளும் சுவரொட்டிகளும் செய்யமுடியாததை ஒரு படிவத்தின் இடமாற்றம் செய்துவிடும். விழிப்புணர்வு ஊர்வலங்களை நம்பி வாழும் தேர்தல் அலுவலகங்களுக்கு இது அவ்வளவு உவப்பான முடிவாக இராது.

முன்பதிவால் ஜனநாயகக் கட்சிக்கே ஆதாயம் என்ற பேச்சை இவ்வாய்வுகள் முழுமையாக ஆதரிக்கவில்லை. முன்பதிவின் பயன் இரு கட்சி இளைஞரிடமும் காணப்பட்டது. விளைவு வேறொரு திசையிலும் தென்பட்டது. கிராசியெல்லா பெர்டோக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட பொருளியல் ஆய்வின்படி, முன்பதிவை ஏற்ற மாநிலங்களில் அரசுச் செலவு உயர்கல்வியின் பக்கம் நகர்ந்தது. பட்டியலில் இருப்பவர்களின் முகம் பார்த்தே வரவுசெலவுத் திட்டம் எழுதப்படுகிறது என்ற பழைய ஐயத்துக்கு இது புள்ளிவிவரச் சான்று.

முன்பதிவுக்கு எதிரான வாதங்களுள் செலவு பற்றியது வலுவற்றது. பதிவு என்பது என்றாவது ஒருநாள் செய்தே ஆகவேண்டிய வேலை. அந்தரங்கம் பற்றியது கவனத்துக்கு உரியது. அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலைக் கட்சிகளும் பிறரும் எளிதில் பெறமுடியும் என்பதால், சிறார்களின் முகவரியும் பிறந்த தேதியும் வெளியே போகும் அபாயம் உண்டு. ஃப்ளோரிடா பின்னாளில் தனிச் சட்டம் இயற்றியே இவ்விவரங்களைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கியது. மூன்றாவதான முகவரிச் சிக்கலுக்குத்தான் இன்னும் நிறைவான விடை இல்லை. 16 வயதில் பெற்றோர் வீட்டு முகவரியில் பதிந்தவர் 18 வயதில் வேறு ஊர்க் கல்லூரி விடுதியில் இருப்பார். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். மாநிலத்துக்குள்ளேயே இடம்பெயர்பவரின் முகவரியை ஓட்டுநர் உரிமத் தரவோடு இணைத்துத் தாமாகவே திருத்தும் முறை சில மாநிலங்களில் உதவுகிறது. மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் பழைய பதிவால் பயனில்லை.

காமன்வெல்த் நாடுகளில் இதே ஏற்பாடு ஆரவாரமின்றி நடந்துவருகிறது. நியூசிலாந்தில் 17 வயதில் தற்காலிகப் பதிவு செய்துகொண்டவரின் பெயர் 18-ஆம் பிறந்த நாளில் தானாகவே முதன்மைப் பட்டியலுக்கு மாறிவிடும். ஆஸ்திரேலியா தற்காலிகப் பதிவு வயதை 2010-இல் 17-இலிருந்து 16 ஆக்கியது. அங்கே வாக்களிப்பதே கட்டாயம் என்பதாலும், தேர்தல் ஆணையம் பிற அரசுத் தரவுகளைக் கொண்டு நேரடியாகப் பெயர் சேர்ப்பதாலும் முன்பதிவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. பிரிட்டன் தரும் சான்று தலைகீழானது, ஆகவே கூடுதல் மதிப்புள்ளது. அங்கே விரைவில் 18-ஐ எட்டவிருப்பவர்களின் பெயர், பிறந்த நாளோடு சேர்த்துப் பட்டியலிலேயே முன்கூட்டி இடம்பெறும். குடும்பத் தலைவர் ஒருவரே வீட்டிலுள்ள அனைவரின் பெயரையும் எழுதித் தரும் முறை இருந்தவரை தாயோ தந்தையோ இந்தப் பிள்ளைகளையும் சேர்த்து எழுதிவிட்டனர். 2014-இல் ஒவ்வொருவரும் தத்தம் பெயரைத் தாமே பதியவேண்டும் என்று முறை மாறியதும், அவ்வாண்டு முடிவதற்குள் பட்டியலில் இருந்த இவ்வயதினரின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அவர்களுக்கு இருந்த சட்ட உரிமையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படிவத்தைக் கையில் பிடித்திருந்த ஆள் மாறியதுதான் மாற்றம். தனிநபர் பதிவுக்கு முன்னரே மாறியிருந்த வட அயர்லாந்து இதே சரிவைக் கண்டு, தேர்தல் அலுவலர்களைப் பள்ளிகளுக்கே அனுப்பி இழப்பை ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

இந்தியாவில் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்த 61-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வாக்காளரின் வயதைக் கணக்கிடும் நாளாகிய தகுதி நாளை ஆண்டுக்கு ஒன்று என, ஜனவரி 1 என்று நிறுத்தியிருந்தது. அதன் விளைவைத் தமிழ்நாட்டுக் கணக்கில் பார்க்கலாம்: 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6 அன்று நடந்தது; அவ்வாண்டு ஜனவரி 2 அன்று 18 வயது நிறைந்தவர், வாக்குப்பதிவு நாளில் மூன்று மாதம் கடந்த முழு வயதினராக இருந்தும் வாக்களிக்க முடியவில்லை; அடுத்த சட்டமன்றத் தேர்தல் வரும்போது அவருக்கு வயது 23. இக்குறையைக் களையவே 2021-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டங்கள் திருத்தச் சட்டம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்களை நான்கு தகுதி நாள்களாக்கியது. அது நடைமுறைக்கு வரும் தறுவாயில், 2022 ஜூலை இறுதியில், 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. புதிய வாக்காளருக்கான படிவம் 6-ஐ அவர்கள் முன்னதாகவே தரலாம். எந்தக் காலாண்டில் 18 வயது நிறைகிறதோ அந்தக் காலாண்டில் விண்ணப்பம் எடுத்துக்கொள்ளப்பட்டு, பெயர் சேர்க்கப்பட்டு, வாக்காளர் அடையாள அட்டை வழங்கப்படும்.

சட்ட அளவில் இந்தியா இவ்வாறு முன்பதிவு நாடுகளின் வரிசையில் சேர்ந்துவிட்டது. பட்டியல் வேறு கதை சொல்கிறது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் பட்டியலில் இருந்த 18, 19 வயதினர் ஏறத்தாழ 1.8 கோடி, மக்கள்தொகை மதிப்பீட்டின்படி அவ்வயதினரில் இது 40 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அப்போது செய்தி வெளியாயிற்று. அனுமதி இருக்கிறது, அந்த அனுமதி இளைஞரை எதிர்கொள்ளும் இடம் இல்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. அமெரிக்கப் பதின்வயதினருக்கு ஓட்டுநர் உரிம அலுவலகம் எப்படியோ அப்படி, இந்திய இளைஞர் 17 வயதில் கட்டாயம் போய் நிற்கும் அரசு அலுவலகம் ஒன்றும் கிடையாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்ற பெயரில் வீடு வீடாக வரும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ, வரும் நேரத்தில் பிள்ளை வீட்டில் இருந்தால் படிவம் தருகிறார். நவம்பர் வாக்கில் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிகளில் நடக்கும் சிறப்பு முகாம்களுக்கு, முகவரிச் சான்றையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகலையும் எடுத்துக்கொண்டு தாமாகவே போகிறவர்கள் ஏற்கெனவே எண்ணித் துணிந்தவர்கள். இணையதளமும் செயலியும் இருப்பது உண்மை. அவையும் தேடி வருபவருக்கே உதவும்.

இந்தியச் சூழலில் அந்த இடமாகக்கூடியது மேல்நிலைப் பள்ளியே. பிளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோர் 17 வயதினர். பிறந்த தேதி, புகைப்படம், பெற்றோர் பெயர், முகவரி அனைத்தும் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது பள்ளி அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்க்கப்பட்டுவிடுகின்றன. அந்த வேலையோடு படிவம் 6-ஐயும் வகுப்பறையிலேயே நிரப்பி வாங்கி, மொத்தமாக வாக்காளர் பதிவு அலுவலரிடம் சேர்ப்பது நிர்வாக அளவில் பெரிய சுமையன்று. பள்ளிகளில் உள்ள தேர்தல் கல்வியறிவு மன்றங்களோ பெரும்பாலும் ஜனவரி 25-ஆம் நாள் தேசிய வாக்காளர் நாள் உறுதிமொழியோடும் கோலப் போட்டியோடும் நின்றுவிடுகின்றன.

இந்த வழிக்கும் ஒரு வரம்பு உண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பனியன் ஆலைக்கோ பட்டாசுத் தொழிலுக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்ட 17 வயதினரைப் பள்ளி எட்டாது. அமெரிக்காவில் கார் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் உரிம அலுவலகத்துக்கு வராமல் போவது போலவே, இங்கும் மிகக் குறைவாகப் பதிவாகும் பிரிவினரே மறுபடியும் விடுபட்டுப்போவர். அவர்களுக்குப் படிவம் கிடைக்கக்கூடிய வேறு இடங்கள் தொழிற்பயிற்சி நிலையச் சேர்க்கை, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டையின் உறுப்பினர் விவரம் சரிபார்க்கும் நாள் ஆகியவை. இவற்றுள் குடும்ப அட்டைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் வயதும் அதில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றன, யாருக்கு எந்தக் காலாண்டில் 18 நிறைகிறது என்பதை அரசு அந்தத் தரவிலிருந்தே கணக்கிட்டு, வீட்டுக்குப் படிவத்தை அனுப்பிவைக்க முடியும். ஆனால் உணவு வழங்கல் துறையிடம் உள்ள குடும்ப விவரங்களைத் தேர்தல் பணிக்குத் தருவதற்குத் தெளிவான சட்ட எல்லை வகுக்கப்பட வேண்டும். சிறார் விவரங்களின் பாதுகாப்புக்கு ஃப்ளோரிடா காலம் தாழ்த்திச் செய்ததை இங்கே தொடக்கத்திலேயே செய்தாக வேண்டியிருக்கும்.